அந்த ஒற்றைச் செடியைப் பிடுங்காதீர்கள்!



ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் சில வாரங்களாக என் பையிலேயே இருக்கிறது. அவர் எழுதியது இதுதான்: 'போன வருடம் வீரிய ஒட்டுச் செண்டுமல்லி நாற்று வாங்கி நட்டேன். பந்து பந்தாகப் பூத்தது. ஒவ்வொரு போகத்துக்கும் நாற்று வாங்கிக் கட்டுப்படியாகாது என்று, நல்ல பூவாகப் பார்த்து விதை எடுத்து விதைத்தேன். இந்த முறை ஒரு செடி இடுப்பு உயரம், ஒரு செடி முழங்கால் உயரம். பூவும் அடுக்கு, அரை அடுக்கு, மஞ்சள், ஆரஞ்சு என்று கலந்தடித்து வருகிறது. வியாபாரி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறார். நான் என்ன தப்பு செய்தேன்?'

நான்கு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் தை மாதத் தொடக்கத்தில் சென்னையில் நான் பார்த்த ஒரு தோட்டம் இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பார்க்க வைத்தது. உங்களைச் சங்கடப்படுத்திய இதே 'கலந்தடித்து வருவதை' ஆசையாகத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரை அங்கே சந்தித்தேன். அதனால் முதலில் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்போம். பிறகு உங்கள் வயலுக்கு வருவோம்.

மயிலாப்பூர் கொல்லைப்புறத்தில் 118 பூ

சேப்பாக்கத்தில் ஒரு கூட்டத்துக்காக முதல் நாளே சென்னை போய், தி.நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். 'கூட்டம் பதினொரு மணிக்குத்தானே, காலையில் மயிலாப்பூரில் ஒரு தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்க அப்பா' என்று மகள்தான் சொன்னாள். அவளுக்குப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்த டீச்சரின் வீடு அது. விடிந்ததும் பனகல் பூங்கா பக்கத்தில் ஆட்டோ பிடித்து லஸ்ஸில் இறங்கி, கபாலீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். மாட வீதியில் கனகாம்பரமும் சம்பங்கியும் கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்தன. உங்களில் யாராவது முந்தின நாள் பறித்து அனுப்பிய பூவாகக்கூட இருக்கலாம்.

டீச்சருக்கு வயது 74. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஓட்டு வீடு, நீளமான கொல்லைப்புறம், மூலையில் ஒரு கிணறு. வாசலில் நின்ற என்னை, "வாங்க தம்பி, ஏழு மணிக்கே வந்துட்டீங்களே, நல்லதாப் போச்சு. பத்து மணிக்கு மேல வந்தா மகரந்தம் காஞ்சு போயிடும்" என்று வரவேற்றார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கும் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆள் இருப்பது சந்தோஷமாக இருந்தது.

கொல்லையில் 90 தொட்டிகளுக்குக் குறையாது. கிணற்றடியில் இரண்டு தொட்டியைத் தவிர எல்லாமே செம்பருத்தி. நாம் வேலியோரம் பார்க்கும் சிவப்பு ஒற்றைச் செம்பருத்தி மட்டும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சள், செங்கல் நிறம், சாம்பல் கலந்த ஊதா, வெள்ளையில் சிவப்புக் கண் என்று இதழ் மேல் இதழாக விரிந்து நின்றன. "இன்னிக்கு 118 பூ" என்றார். கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணி வைத்திருந்தார்.

சென்னையில் இந்தக் கலப்புச் செம்பருத்திகளுக்கு மார்கழி, தை, மாசிதான் உச்சம். சித்திரை வெயிலில் பூ சுருங்கி, நிறம் வெளுத்து, மொட்டுகள் உதிரும். குளிர் மாதங்களில் பூ பெரிதாகும், நிறமும் ஏறும். ஆனாலும் பெரும்பாலானவை ஒரு நாள் பூதான். காலையில் விரிந்தது ராத்திரிக்குள் சுருண்டுவிடும்.

கிணற்றடியில் இருந்த அந்த இரண்டு தொட்டிகளில் டேலில்லி இருந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாராம். அதுவும் ஒரு நாள் பூதான். அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்கள் இதைக் கலப்பு செய்து பல்லாயிரக்கணக்கான ரகங்களுக்குப் பெயர் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். 1946-லேயே அதற்கென்று சங்கம் தொடங்கிவிட்டார்கள். பூ உச்சத்தில் இருக்கும் நாட்களில் தோட்டத்தைத் திறந்துவிட்டு, ஊர்க்காரர்கள் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். "நம்ம ஊர் வெயிலுக்கு இது உயிரோட இருக்கு, பூக்க மாட்டேங்குது. அதான் நமக்குச் செம்பருத்தி இருக்கே" என்று சிரித்தார்.

ஒரு பூவுக்கு ஒரு காலை

டீச்சர் கலப்பு செய்யும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் கத்தரி, ரவிக்கை தைக்கும் நூல்கண்டு நாலு நிறத்தில், ஒரு பென்சில், ஒரு பழைய கணக்கு நோட்டு.

செம்பருத்திப் பூவின் நடுவில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தண்டைச் சுற்றி மஞ்சள் பொடியோடு இருப்பவை மகரந்தப் பைகள். தண்டின் நுனியில் ஐந்து சிறு குமிழ்கள் தெரியும், அவை சூல்முடிகள். அந்த ஐந்தும்தான் தாய்ப் பக்கம். தாயாக இருக்க வேண்டிய பூவில், பை வெடிப்பதற்கு முன்னால் மகரந்தப் பைகளைக் கத்தரியால் சுரண்டி எடுத்துவிடுகிறார். பிறகு தந்தையாக இருக்க வேண்டிய பூவைப் பறித்து வந்து, அதன் மகரந்தத்தை அந்த ஐந்து குமிழிலும் மெதுவாகத் தேய்க்கிறார். காம்பில் ஒரு நிற நூல் கட்டுகிறார். நோட்டில் தேதி, தாய், தந்தை, நூலின் நிறம் எழுதுகிறார். ஒரு பூவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மற்றதெல்லாம் காத்திருப்பது. கரு பிடிக்கவில்லை என்றால் சில நாட்களில் காம்போடு உதிர்ந்துவிடும். பிடித்தால் புல்லி வட்டம் பச்சையாகவே நின்று உள்ளே காய் பருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் காய் பழுப்பாகி வெடிக்கும். விதை சிதறிவிடாமல் இருக்க, காய் முற்றும்போது கொசுவலைத் துணியால் ஒரு சின்னப் பை தைத்து மூடிவிடுகிறார். விதையின் மேல்தோல் கெட்டியாக இருப்பதால் நகவெட்டியால் லேசாகக் கீறி, ஒரு ராத்திரி ஊறவைத்து, தென்னை நார்க்கழிவில் போடுகிறார். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். முதல் பூ பார்க்க ஒரு வருடம், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும்.

அடையாளச் சீட்டில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். தயிர் டப்பாவை நீளமாக வெட்டி, அதில் பென்சிலால் எழுதுகிறார். "மார்க்கர் மை ரெண்டு வெயிலுக்கு மேல தாங்காது தம்பி. பென்சில் எழுத்து வருஷக்கணக்கா இருக்கும்" என்றார். நாற்றங்காலில் ரகம் மாறிப்போய்த் தலையில் கைவைத்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன பருவத்துக் கணக்கையும் நோட்டைப் புரட்டிக் காட்டினார். கலப்பு செய்த பூ 64. முற்றிய காய் 11. விதை 93. முளைத்தது 58. அதற்கு முந்தின பருவத்துக் கன்றுகளில் பூத்துப் பார்த்தது ஐம்பது சொச்சம். அதில் வைத்துக்கொண்டது இரண்டே இரண்டு. மற்றதையெல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

'ஐம்பதில் இரண்டா!' என்று எனக்கு ஆச்சரியம். அவர் அழைத்துப்போய் ஒரு செடியைக் காட்டினார். பப்பாளிப் பழத்தை நறுக்கினால் தெரியும் நிறம், ஓரத்தில் மஞ்சள் கரை, நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் கண். சீட்டில் '14-3' என்று மட்டும் இருந்தது.

"இதுக்கு என்ன பேர் டீச்சர்?"

"பேரெல்லாம் இப்ப இல்லை. தை மாசத்துல எல்லாப் பூவும் அழகாத்தான் இருக்கும். மே மாசத்துல மொட்டு நிக்குதா, மாவுப்பூச்சி வந்தா தாங்குதா, மழையில வேர் அழுகாம இருக்கா? மூணு கோடை பார்க்கணும். இது ஒரு கோடைதான் தாண்டியிருக்கு."

விதைச் சான்றளிப்பு, ரக மதிப்பீடு என்று நான் பயிற்சி வகுப்புகளில் அரை நாள் பேசுவதை, அவர் மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டார். மூணு கோடை பார்க்கணும்.

ஏன் கலந்து வருகிறது?

இப்போது ஒட்டன்சத்திரம் வாசகரின் கேள்விக்கு வருவோம். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த நாலு பிள்ளைகளும் ஒரே அச்சிலா இருக்கிறார்கள்? செம்பருத்தியும் அப்படித்தான். அதன் ரத்தத்தில் ஏற்கெனவே பல இனங்கள் கலந்திருக்கின்றன. அதனால் ஒரே காயிலிருந்து எடுத்த பத்து விதையும் பத்து விதமாகப் பூக்கும்.

வீரிய ஒட்டு விதையில் நடப்பது கொஞ்சம் வேறு. நிறுவனங்கள் இரண்டு பெற்றோர் வரிசைகளைப் பல தலைமுறை தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றையும் ஒரே சீராக ஆக்கி வைத்திருப்பார்கள். அந்த இரண்டையும் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை முழுக்க ஒரே மாதிரி, நல்ல வீரியத்தோடு வரும். நீங்கள் வாங்கிய நாற்று அதுதான். அதிலிருந்து விதை எடுத்தால் கிடைப்பது அடுத்த தலைமுறை. அதில் தாத்தா பாட்டியின் குணங்கள் பிரிந்து, உயரமும் குட்டையும் மஞ்சளும் ஆரஞ்சுமாக வெளியே வரும். நீங்கள் விதை எடுத்த விதத்தில் தப்பு இல்லை. விதை எடுத்த செடிதான் விதைக்கு ஏற்றதில்லை.

விதை எடுக்க வேண்டுமென்றால் அதற்கேற்ற ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். புதுதில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பூசா நாரங்கி கேந்தா, 'கிராக்கர் ஜாக்', 'கோல்டன் ஜூபிலி' என்ற இரண்டைக் கலந்து, பிறகு தேர்வு செய்து நிலைப்படுத்திய ஆரஞ்சு ரகம். அதில் விதை எடுக்கலாம். ஆனால் செண்டுமல்லியில் தேனீக்கள் மகரந்தத்தைக் கலக்கும். பக்கத்து வயலில் வேறு செண்டுமல்லி இருந்தால் உங்கள் விதையும் கலப்பாகிவிடும். பக்கத்தில் வேறு ரகம் பூக்காத பருவமாகப் பார்த்து, ஒன்றிரண்டு செடியில் இல்லாமல் சில டஜன் நல்ல செடிகளிலிருந்து விதை எடுங்கள்.

கலப்பினால் பிறந்த ஒரு செடியை அப்படியே நிலைக்கவைக்க இன்னொரு வழி, விதையை விட்டுவிட்டுக் குச்சி, பதியன், கிழங்கு, ஒட்டு மூலம் பெருக்குவது. நம் சம்பங்கி விவசாயிகள் நட்டிருக்கும் பிரஜ்வல் அப்படித்தான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் 'சிருங்கார்', 'மெக்சிகன் சிங்கிள்' இரண்டையும் கலந்து வந்த நாற்றுகளில் தேர்ந்தெடுத்தது. கிழங்கு மூலம் பெருகுவதால் நிலக்கோட்டையில் நட்டாலும் சத்தியமங்கலத்தில் நட்டாலும் அதே பூ. டீச்சரும் 14-3 செடியிலிருந்து குச்சி எடுத்து, நாட்டுச் சிவப்புச் செம்பருத்தி வேர்ச்செடியில் ஆப்பு ஒட்டுக் கட்டுகிறார். கலப்புச் செடிகள் பலவற்றுக்குச் சொந்த வேர் பலமில்லை. நாட்டுச் செம்பருத்தி வேர் சென்னை வெயிலையும் அடைமழையையும் தாங்கிக்கொள்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் தொடங்கியவர்கள்

கலப்பு செய்வது விஞ்ஞானிகளின் வேலை, நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். டாக்டர் பி.பி.பால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர், என்.பி.809 போன்ற கோதுமை ரகங்களைத் தந்தவர். அலுவலக வேலை போக, ஆசைக்கு ரோஜாக்களைக் கலப்பு செய்து புது ரகங்களைக் கொடுத்தார்.

நம் கொடைக்கானலில் எம்.எஸ்.வீரராகவன் இருக்கிறார். இந்திய ஆட்சிப் பணியில் இருந்து, அதை விட்டு மலையேறி ரோஜாக் கலப்பில் இறங்கியவர். ஐரோப்பியக் குளிருக்கு உருவான ரோஜாக்கள் நம் வெப்பத்துக்கு ஒத்துவருவதில்லை என்பது அவர் பார்த்த குறை. அதனால் மணிப்பூர் மலையில் வளரும் காட்டு ரோஜாவையும், தண்ணீர் தேங்கும் சமவெளியில் வளரும் இன்னொரு காட்டு ரோஜாவையும் பெற்றோராக்கினார். அவருடைய ஒரு ரோஜாவுக்குத் தாவரவியல் அறிஞர் இ.கே.ஜானகி அம்மாளின் பெயர் வைத்திருக்கிறார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த அந்த அம்மாள், கடைசிக் காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் களக்கூடத்தில் வாழ்ந்து 1984-ல் மறைந்தார்.

அந்தக் கோயம்புத்தூர் நிலையத்தில்தான் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற கரும்பையும், யாரும் மதிக்காத காட்டுக் கரும்பையும் கலந்து கோ.205 கொண்டுவந்தார்கள். 1918-ல் வெளியான அந்த ரகம் வட இந்தியக் கரும்பு வயல்களையே மாற்றியது. ஓடைக்கரையில் களையாக நின்ற புல்லை யாரோ ஒருவர் 'இதில் என்னமோ இருக்கிறது' என்று நின்று பார்த்ததில் தொடங்கியது அது.

நான் பார்க்கத் தவறியது

இதை எழுதும்போது எனக்கு ஒரு முகம் ஞாபகம் வருகிறது. இருபது வருடத்துக்கு முன்பு நான் ஒரு தென் மாவட்டத்தில் வேலை பார்த்தேன். ஒரு கனகாம்பர விவசாயி அலுவலகத்துக்கு வந்து, தோட்டம் முழுக்க வாடுகிறது என்றார். போய்ப் பார்த்தேன். வாடல் நோய், வேரில் நூற்புழுத் தாக்குதலும் சேர்ந்திருந்தது. அரை ஏக்கரும் போய்விட்டது. 'எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், இந்த நிலத்தில் பயிரை மாற்றுங்கள்' என்றேன். புத்தகத்தில் இருப்பதுதான்.

அவர் வயலின் நடுவே கூட்டிப்போய் ஒரு செடியைக் காட்டினார். "சார், சுத்தி எல்லாம் காஞ்சிருக்கு. இது மட்டும் பச்சையா நிக்குது. பூவும் வச்சிருக்கு."

"இன்னிக்கு நிக்கும், அடுத்த வாரம் அதுவும் போயிடும். எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நான் சொன்னதைக் கேட்டார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

அந்தச் செடிக்கு உண்மையிலேயே எதிர்ப்புச் சக்தி இருந்ததா, இல்லை தற்செயலாகத் தப்பியதா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபடி செய்தவன் நான். நுனியிலிருந்து பத்துக் குச்சி வெட்டிச் சுத்தமான மணலில் வேர் பிடிக்க வைத்து, அடுத்த வருடம் அதே நோய் மண்ணில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பத்தும் செத்திருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆறு நின்றிருந்தால்? டீச்சர் வீட்டுக் கொல்லையில் நின்றபோது அந்தக் கேள்வி எனக்குத் திரும்பி வந்தது. அவர் ஐம்பது செடியில் இரண்டைத் தேடுகிறார். நம் விவசாயிகளிடம் ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் செடி இருக்கிறது. நின்று பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

உங்கள் வயலில் என்ன செய்யலாம்?

ஒன்று: பூப்பறிக்கப் போகும்போது ஒரு துண்டுச் சிவப்புத் துணி எடுத்துப் போங்கள். மற்றதைவிட முந்திப் பூப்பது, பிந்தி முடிப்பது, வறட்சியில் நிற்பது, நோயில் தப்புவது, காம்பு நீளமாக இருப்பது என்று எதில் வித்தியாசம் தெரிந்தாலும் அந்தச் செடியில் துணியைக் கட்டுங்கள். பூப்பறிக்க வருகிற பெண்களிடமும் சொல்லிவையுங்கள். ஒவ்வொரு செடியின் மீதும் தினமும் கைபடுகிறவர்கள் அவர்கள். அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

இரண்டு: தேதியையும் பார்த்த குணத்தையும் நோட்டில் எழுதுங்கள். மனதில் வைத்தால் மறுபருவத்தில் எந்த வரிசை என்பதே மறந்துவிடும்.

மூன்று: கனகாம்பரம், அரளி, மல்லிகை, செம்பருத்தி போன்றவற்றில் உடனே குச்சி அல்லது பதியன் போடுங்கள். கனகாம்பரத்தில் மூன்று நான்கு கணு உள்ள நுனிக் குச்சி போதும். செண்டுமல்லியில்கூட ஒரு சாண் நுனிக் கிளையை மணலில் நட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். நச்சுயிரி நோய் அறிகுறி உள்ள செடியிலிருந்து மட்டும் குச்சி எடுக்கவே கூடாது. வாடல் நோய் வயலிலிருந்து குச்சி எடுத்தால் மண் படாத நுனியாக எடுத்து, தனி இடத்தில் வையுங்கள்.

நான்கு: பழைய ரகத்தையும் பக்கத்திலேயே ஒரு வரிசை நடுங்கள். ஒப்பிட எதுவும் இல்லாமல் 'நல்லா இருக்கு' என்று சொல்வதற்கு அர்த்தமில்லை.

ஐந்து: மூணு கோடை பாருங்கள். முதல் வருடத்திலேயே தோட்டம் முழுவதையும் மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலானவை தேறாது. அது தோல்வி இல்லை, இந்த வேலையின் கணக்கே அதுதான்.

தேறிவிட்டால் அது உங்களுடையது. 2001-ம் ஆண்டின் தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தில், விவசாயி உருவாக்கிய ரகத்தை அவர் பெயரிலேயே பதிவு செய்ய இடம் இருக்கிறது. விவசாயிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட வேண்டும், செடிக்குச் செடி ஒரே சீராக இருக்க வேண்டும், வருடத்துக்கு வருடம் மாறாமல் இருக்க வேண்டும். பதிவு செய்தால் பயிர்களுக்கு 15 ஆண்டு, மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டு வரை உரிமை. பதிவுக்கு அறிவிக்கப்பட்ட பயிர்களின் பட்டியலில் உங்கள் பயிர் இருக்கிறதா என்று உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் முதலில் கேளுங்கள். அதே சட்டம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரையும் பெயரும் போட்டுப் பாக்கெட்டில் அடைத்து விற்கத்தான் கூடாது.

ஒரே இடத்தில் இருக்கக் கூடாது

கிளம்பும்போது டீச்சர் காபி கொடுத்தார். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் பேச்சு நடக்கிறதாம். தம்பிமார்கள் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. அவரால் மறுக்க முடியவில்லை. "எனக்கு மூணாவது மாடியில ஒரு பால்கனி வரும். பத்து தொட்டி வைக்கலாம்" என்றார், கணக்குச் சொல்லும் அதே குரலில்.

"மீதி எண்பது என்ன ஆகும் டீச்சர்?"

"அதுக்குத்தான் இப்ப எல்லாருக்கும் குச்சி குடுத்துட்டிருக்கேன். அடையார்ல ரெண்டு வீடு, தி.நகர்ல ஒரு மொட்டைமாடி. ஒரு செடி பிழைக்கணும்னா அது ஒரே இடத்துல இருக்கக் கூடாது தம்பி."

ஈரத்துணியில் சுற்றி, 14-3 செடியின் ஐந்து குச்சிகளைக் கொடுத்தார். சீட்டும் அவரே எழுதினார், பென்சிலால். கூட்டம் முடியும்வரை அதை மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது எங்கள் வீட்டு நாட்டுச் செம்பருத்தியில் ஒட்டுக் கட்டியிருக்கிறேன். மூன்று துளிர்த்திருக்கிறது. இரண்டு கோடை பாக்கி. என் ஓய்வுக்கு முன்னால் முடிந்துவிடும்.

உங்கள் வயலில் வித்தியாசமாக நிற்கும் ஒரு செடி இப்போது ஞாபகத்துக்கு வந்தால், இதைப் படித்து முடித்ததும் போய்ச் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வாருங்கள். அடுத்த பருவத்தில் என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

வாசகர் கேள்விகள்

எங்கள் வீட்டுச் சிவப்புச் செம்பருத்தி பத்து வருடமாகப் பூக்கிறது. ஒரு காய்கூடப் பிடித்ததில்லை. செடியில் குறையா?
*ஒரு வாசகி, சிவகங்கை*

குறை இல்லை அம்மா. வீடுகளில் உள்ள செம்பருத்தி பல தலைமுறையாகக் குச்சி மூலமே பெருகி வந்தது. அதன் மரபணு அமைப்பும் சிக்கலானது. அதனால் தானாகக் காய் பிடிப்பது அபூர்வம். குளிர் மாதத்தில் காலை வேளையில் வேறு ரகச் செம்பருத்தியின் மகரந்தத்தைத் தொட்டுவைத்துப் பாருங்கள். முப்பது பூவில் ஒன்று பிடித்தாலே பாக்கியம். செடியைப் பெருக்க மட்டும் என்றால் மழைக்காலத்தில் பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி நட்டாலே போதும்.

தொட்டியில் உள்ள செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஊர்கிறது. என்ன செய்வது?
*ஒரு வாசகர், செங்கல்பட்டு*

அது மாவுப்பூச்சி. எறும்புதான் அதைச் செடிக்குச் செடி சுமந்துபோய் வளர்க்கிறது. சுருண்ட நுனிகளை வெட்டி எரித்துவிடுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மறுநாள் மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை செய்யுங்கள். தொட்டிக்கு எறும்பு ஏறும் வழியையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வரும்.

பிரஜ்வல் சம்பங்கியில் சொந்தத் தோட்டத்துக் கிழங்கையே திரும்பத் திரும்ப நடலாமா? ரகம் கெட்டுவிடும் என்கிறார்கள்.
*ஒரு வாசகர், சத்தியமங்கலம்*

கிழங்கில் ரகம் பிரியாது. கெடுவது கிழங்கின் ஆரோக்கியம்தான். நூற்புழுவும் அழுகலும் இல்லாத, நன்றாகப் பூத்த தூர்களாகப் பார்த்துப் பூக்கும்போதே அடையாளம் கட்டி வையுங்கள். அதிலிருந்து 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளைப் பிரித்து, நிழலில் ஆறவைத்து நடுங்கள். சிவப்புத் துணி இங்கேயும் உதவும்.